புதிய ரயர் பின் சில்லுக்கே

இரண்டு புதிய ரயர்கள் வாங்கினால் முன் சில்லுகளுக்கே பூட்டவேண்டும் என்பது எமது கராஜ்களில் எழுதாச் சட்டம். இழுப்பதும் திருப்புவதும் முன் சில்லுகள்தாமே என்பர். அது பாதி உண்மையே.

மழைநீர் தேங்கிய வீதியில் முன் சில்லு வழுக்கினால் வாகனம் திரும்ப மறுத்து நேரே செல்லும். வேகத்தைத் தளர்த்தினால் பிடி மீளும். தேய்ந்த பின் சில்லு வழுக்கினாலோ வாகனமே சுழன்றுவிடும். சாதாரண சாரதியால் அதை மீட்பது அரிது. முன் சில்லு இழுக்கும் வாகனத்துக்கும் இதுவே நியதி. மிஷெலின் போன்ற உற்பத்தியாளர்களின் அறிவுரையும் இதுவே.

முன் ரயர்கள் விரைவில் தேய்வது மெய்தான். அதற்குப் பரிகாரம் உரிய காலத்தில் நான்கையும் இடம் மாற்றுவது. தேய்ந்தவற்றைப் பின்னே ஒளிப்பதன்று.

வடகீழ்ப் பருவமழையில் ஏ-9 வீதியில் பயணிப்போரே, கராஜ்காரர் முகம் சுளித்தாலும் வற்புறுத்துங்கள்.