இரண்டு கூட்டம், ஒரு தலைவர்

2021 மே 7-இல் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் மணிக்கணக்கில் பேசியும் முடிவில்லை. 10-ஆம் தேதிதான் எடப்பாடி பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவரானார். ராயப்பேட்டை கட்சி அலுவலக வாசலில் ஒரே கொடியைப் பிடித்தபடி இரு அணியாக முழக்கமிட்டார்கள் தொண்டர்கள். 2017-இல் பழனிசாமி அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் எதிர்த்து வாக்களித்த காயம் இன்னும் ஆறவில்லை என்பதையே அந்தக் காட்சி காட்டியது. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரட்டைத் தலைமை பிளவை மூடிவைத்ததே தவிர, தீர்க்கவில்லை.

அப்போது அ.தி.மு.க.வுக்கு 66 உறுப்பினர்கள், எதிரே தி.மு.க.வுக்கு மட்டும் 133. பிரிந்து நின்றால் பேரவையில் அ.தி.மு.க.வின் குரல் எடுபடாத நிலை. கொரோனா இரண்டாம் அலையில், கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் இரவெல்லாம் வரிசையில் காத்துக்கிடந்த நாட்கள் அவை. அந்த மக்களுக்காகக் கேள்வி கேட்கவேண்டிய நாற்காலி எதிர்க்கட்சித் தலைவருடையது. பழனிசாமி முதலில் பன்னீர்செல்வத்தை அழைத்துப் பேசியிருக்க வேண்டும்.