துணையற்ற தளிருக்குச் சட்டமே தாய்!

தம்பி,

முத்தியால்பேட்டையைக் கடந்து வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம். இன்று நீயும் நானும் தடையின்றிக் கடக்கும் அந்த இடம், 1954 நவம்பர் முதல் நாள் வரை இரு ஆட்சிகளின் எல்லை! பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் அடக்குமுறைக்குத் தப்பி எல்லை தாண்டிய விடுதலை வீரர்களை அந்தப் பக்கத்து மண் வாரி அணைத்துக் கொண்டது. புகலிடம் என்பதன் பொருளைப் பட்டறிந்த ஊர், நம் ஊர்!

1962-ல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றபோது, இந்தியக் குடிமையா, பிரெஞ்சுக் குடிமையா என்று தேர்ந்துகொள்ளப் புதுவை மக்களுக்கு 6 மாதத் தவணை தரப்பட்டது.

அந்தக் கேள்வியை எவரும் கேட்காத பிள்ளைகள், அதே கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலே வளர்கிறார்கள். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் அலைகடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள்! 2022-ல் இலங்கையைப் பொருளாதார நெருக்கடி வாட்டியபோதும், தனுஷ்கோடிக் கரையில் குழந்தைகளோடு வந்திறங்கினர் தமிழர்.

தாய் மடியில் வந்த குழந்தையின் நிலையே இது. தந்தையைப் போரும் தாயைக் கடலும் பறித்துக்கொள்ளத் தனியே கரையேறும் சிறுமியின் நிலை என்ன, தம்பி? அவளுக்காக வழக்குரைப்பது யார்? அவளைப் பள்ளியில் சேர்க்கக் கையெழுத்திடுவது யார்?

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2025-ல் வந்த அயல்நாட்டார் சட்டத்தின் தண்டனையிலிருந்து, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத் தமிழருக்கு விலக்குத் தந்தனர். அதன் பின் பிறந்து, அதன் பின் படகேறிய பிள்ளை என்ன பாவம் செய்தது?

ஆயினும், நம் கையில் கருவி இல்லாமலில்லை. 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, பெற்றோரோடு வரினும் தனியே வரினும் அகதிக் குழந்தையைக் காத்திடுக என்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வயதைக் கேட்கிறது, குடியுரிமையைக் கேட்கவில்லை. ஆதரவற்ற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தச் சொல்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், குழந்தைக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. ஏட்டில் உறங்கும் இவை கடற்கரைக்கு வந்தாக வேண்டும்!

"ஊடுருவலுக்கு வாயிலைத் திறக்கிறீர்கள்" என்பர் மாற்றார். விசாரணையே வேண்டாமென்றா கூறுகிறோம்? விசாரிக்கட்டும், அந்தக் குழந்தையின் அருகில் ஒரு காப்பாளரை அமர்த்திவிட்டு விசாரிக்கட்டும்!

1942-ல் போலந்து நாட்டு அநாதைக் குழந்தைகளுக்குப் பாலாச்சடியிலே புகலிடம் அமைத்துத் தந்தார் நவாநகர் மன்னர். போற்றுகிறோம்! ஆனால் மன்னரின் கருணை மன்னரோடு முடியும். மக்களாட்சியில் கருணை சட்டமாக வேண்டும். அந்தச் சட்டம் காப்பாளராக வந்து பிள்ளையின் கரம் பற்ற வேண்டும்.

மன்றந்தோறும் தீர்மானம் நிறைவேற்று, தம்பி! துணையின்றி வரும் பிள்ளைக்கு முதல் நாளே காப்பாளர், வழக்கறிஞர், தாமதமின்றிப் பள்ளி, தொலைந்த உறவைத் தேடித் தரும் பொறுப்பு அரசுக்கு! புதுவைச் சட்டமன்றமும் சென்னைக் கோட்டையும் டில்லியும் செவிமடுக்கும்வரை முழங்கு! எல்லை தாண்டியோர் அடைந்த புகலிடத்தால் விடுதலை கண்ட ஊர் பேசாவிட்டால், வேறு எவர் பேசுவார்?