நாகத்தின் கூடப்பிறந்தது

தேயிலைச் செடியின் கொழுந்து சிறுத்து, இலை அரிவாள்போல் வளைந்து, கணுக்கள் நெருங்கிக் காணப்படின், அதற்குத் துத்தநாகச் சத்துப் போதவில்லை என்பர். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குக் கூறும் பரிகாரம், நாக சல்பேற்றை நீரிற் கரைத்து இலைமேல் தெளிப்பதாகும். நாட்டு வைத்தியரின் பால்துத்தமும் இதுவே. லயத்துத் தகரக் கூரை துருப்பிடியாதிருக்கப் பூசப்படுவதும் நாகமே.

இந்நாகத்துடன் கூடப்பிறந்த உலோகம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் மருந்துக் கடைகளை மேற்பார்வை செய்துவந்த பேராசிரியர் ஸ்ட்ரோமேயர், 1817ஆம் ஆண்டில் நாகக் கார்பனேற்று ஒன்றைச் சுட்டபோது அது மஞ்சளாயிற்று. இரும்புக் கலப்போ எனின், இரும்பு இல்லை. ஆராய்ந்து அவர் கண்டதே கட்மியம்.

கட்மியத்திற்கெனத் தனிச் சுரங்கம் தோண்டுவார் இல்லை. செறிவாக்கிய நாகத் தாது ஆயிரம் கிலோவில் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோ அளவில் அது ஒளிந்திருக்கும். வறுத்த தாதைக் கந்தகத் திராவகத்தில் கரைத்தால் இரண்டும் சேர்ந்தே கரையும். அக்கரைசலில் நாகத் தூளையே இடுவர். என்ன விந்தை! நாகத் தூள் தான் கரைந்து, கட்மியத்தைக் கடற்பஞ்சுபோல் வெளியே தள்ளிவிடுகிறது. அப்பஞ்சை மீண்டும் கரைத்து மின்சாரம் செலுத்தியோ, காய்ச்சி வடித்தோ சுத்த உலோகம் பெறுவர். ஈய உலைகளிலோ அது ஆவியாகிப் புகையோடு போகும். புகைத் தூசியைப் பிடித்துப் பிரித்தெடுக்க வேண்டும். மின்கலத்திற்கும் மஞ்சள் வர்ணத்திற்கும் உதவுவதால் இதற்கு விலையும் உண்டு.

பிரிக்காமல் விட்டால் நேர்வது யாது? ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்துக் கழிவு ஜின்சு ஆற்றில் இறங்கி, நெல்வயலிற் பாய்ந்தது. பிள்ளை பல பெற்ற நடுவயது தாண்டிய பெண்களே பெரிதும் நலிந்தனர். சிறுநீரகம் கெட்டு, எலும்பு முறிந்து, "நோகுது, நோகுது" என்று அரற்றினர். நோயின் பெயரே அதுவாயிற்று. கட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

சரிவரச் சுத்திகரியாத நாக சல்பேற்றிலும் கட்மியம் தங்கியிருக்கும். சில பொஸ்பேற்று உரங்களிலும் அது உண்டு. நமது தேயிலை மண் புளிப்பு மண். அத்தகைய மண்ணில் கட்மியம் எளிதிற் கரைந்து வேருக்குச் செல்லும். மண்ணிற் புகுந்தபின் அகற்றுவதும் அரிது. மூட்டையின்மேல் நாகம் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் தோட்டத் துரைமார், கட்மியம் எவ்வளவு என்பதற்கும் பரிசோதனைச் சீட்டுக் கேட்டு வாங்குதல் வேண்டும். மருந்துப் பம்பைத் தொழிலாளி கழுவும் ஓடை, லயத்துப் பெண்கள் குடத்தில் நீர் முகக்கும் பீலிக்கு மேலே இருத்தலும் ஆகாது.