குறட்டையைக் கேளாத அரசு

குறட்டை விடுபவருக்கு மது விற்பது அரசு. அவருக்கு மூச்சடைத்தால் மருத்துவம் பார்க்க வேண்டியதும் அரசு. இடையில் அவரை எச்சரிக்க ஆளில்லை. இது அலட்சியம். மன்னிக்க முடியாத அலட்சியம்.

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில், ஷிப்ட் முடிந்து வருபவர் ஒரு குவார்ட்டரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார். குறட்டை தெருவுக்குக் கேட்கிறது. "அலுப்பு, அசந்து தூங்குகிறார்" என்கிறார்கள் வீட்டார். அது தூக்கமல்ல. மது தொண்டைத் தசைகளைத் தளர்த்துகிறது. நாக்கு பின்னால் சரிகிறது. தொண்டையில் மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடி, இருபது விநாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. உடனே மூளை உலுக்கி எழுப்ப வேண்டும். போதையில் அதுவும் தாமதிக்கிறது. தூக்கத்தில் மூச்சடைப்பது ஒரு நோய். மணிக்கு 30 முறை இப்படி நின்றால் நோய் கடுமை. ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் பின்னால் வரக்கூடும். காலையில் அதே மனிதர் அரைத்தூக்கத்தில் சிதம்பரம் சாலையில் பைக் ஓட்டுகிறார்.

இந்தியாவில் வயதுவந்தோரில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு இந்த நோய் உண்டு என்று 2023இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். நம் அரசிடமும் ஒரு கணக்கு உண்டு. 2023-24இல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்தக் கணக்கு மட்டும் ஆண்டு தவறாமல் சட்டமன்றத்துக்கு வந்துவிடுகிறது.

மது உடல்நலத்துக்குக் கேடு என்கிறது பாட்டில். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதை எவரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வருகிறது. கொதிப்பு பார்க்கிறது, சர்க்கரை பார்க்கிறது, மாத்திரை தருகிறது. குறட்டை அந்தப் பட்டியலில் இல்லை. குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, இரவில் குடிப்பவரா? மூன்றே கேள்விகள். தடித்த கழுத்தும் ஓர் அறிகுறி; அதை அளக்க ஒரு டேப். மனைவியைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். விழித்துக் கிடப்பவர் அவர்தானே.

மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை பதில் சொல்ல வேண்டும். குறட்டை விடுபவர் இரவில் குடித்தால் மூச்சு நிற்கலாம் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் எழுத வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்று கேள்விகளை மக்களைத் தேடி மருத்துவப் படிவத்தில் சேர்க்க வேண்டும். தூக்கப் பரிசோதனையும், மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஏழைத் தொழிலாளிக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். என்றைக்குள் என்று இரு அமைச்சர்களும் தேதியோடு அறிவிக்கட்டும்.