நகல் வேறு, காப்பு வேறு

'தரவுத்தளத்தை இன்னொரு பிராந்தியத்துக்கும் நகலெடுத்துவிட்டால் போதும். தினசரி காப்புப்பிரதி வெட்டிச் செலவு' என்று நண்பர் வாதிடுகிறார். தீவிபத்துக்கு அது சரி. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். மறுக்கவில்லை.

ஆனால் பேரிடர் என்றால் நெருப்பும் வெள்ளமும் மட்டுமா? நிபந்தனை வைக்க மறந்து ஒருவர் அட்டவணையையே அழித்தால், அந்தக் கட்டளையும் அடுத்த சில நொடிகளில் விசுவாசமாக நகலுக்குப் போய்ச் சேரும். அங்கேயும் அழியும். நகலின் வேலையே அதுதானே!

'ஓரிடம் விழுந்தால் நகலுக்கு மாறுவது தானாக நடக்கும்' என்பது அவருடைய அடுத்த நம்பிக்கை. 2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் தானாகத்தான் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு அறுந்தது வெறும் 43 விநாடி. அதற்குள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் தலைமை மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. கிழக்கில் பதிவான கடைசிச் சில மாற்றங்கள் மேற்குக்குப் போகவில்லை. மேற்கிலோ புதியவை எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு. சேவை சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் பிடித்தது. அன்று பல டெராபைட் தரவை மீட்க எதை எடுத்தார்கள் தெரியுமா? நண்பர் வெட்டிச் செலவு என்கிற அதே காப்புப்பிரதியைத்தான்.