சாயத் தண்ணீர் தெளிந்தால் போதுமா?

சகோதரிகளே, புதுச் சேலையை முதல் தடவை அலசினால் பக்கெட் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கொட்டிவிடுகிறோம். அந்தச் சாயம் எங்கே போகிறது?

எங்க அரியாங்குப்பத்துக்குச் சாயம் புதுசு இல்லை. ஆற்றோரம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் என்ற துரை தோண்டியபோது செங்கல் தொட்டிகள் அகப்பட்டன. மஸ்லினுக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்று அவர் கருதினார். (பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.) அந்தக் காலத்துச் சாயம் இலை, வேர், பட்டை. இப்போதைய சாயமோ வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாதபடி செய்யப்பட்டது. அதனாலேயே தண்ணீரிலும் லேசில் மக்குவதில்லை.

திருப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் மகளுக்கு இது நன்றாகத் தெரியும். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. சாயக் கழிவு தேங்கித் தேங்கி, அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கிணறு கெட்டவர்கள் ஒரு பக்கம், கூலி போனவர்கள் இன்னொரு பக்கம். யாரைப் பார்த்து அழுவது, சொல்லுங்கள்!

படிகாரம் போட்டால் தெளியாதா என்பீர்கள். தெளியும். ஆனால் சாயம் அழியாது, அடியில் சேறாகத் தங்கும். அழிக்கத்தான் வினையூக்கி. கல்யாணத் தரகர் மாதிரிதான் அது: காரியத்தை முடித்து வைக்கும், தான் செலவாகாமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். அன்னபேதியில் இருக்கிறதே இரும்பு உப்பு, அதையும் புண் கழுவினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் புளிப்பான தண்ணீரில் சேர்த்தால், மகா துடுக்கான ஒரு துகள் பிறந்து சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறது. 1894-லேயே ஃபென்டன் என்பவர் இந்த ஜோடியைப் பற்றி எழுதிவிட்டார். சுவர்ப் பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால் இதே வேலையைச் செய்கிறது. (வீட்டில் பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற இடம்.)

ஆனால் நிறம் போனதும் கைதட்டிவிடக் கூடாது. பாதி உடைந்து நின்றால், சில சாயத்தில் மூலத்தைவிடக் கெட்ட பொருள்கள் மிஞ்சலாம். இரும்பு, துரு நிறச் சேற்றை விட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு! பருத்தியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்களே, அதை எந்த வினையூக்கியும் தொடாது. சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சித்தான் பிரிக்கவேண்டும். அதற்குக் கரண்டுச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. மலிவு விலைப் பனியன் வாங்கும்போது இந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

நம் வீட்டில், புதுத் துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள் பெரியவர்கள். இப்போதைய சாயத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை, உப்புதான் கூடுதலாகச் சாக்கடைக்குப் போகும். அதைவிட, வாங்கும்போதே கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, ஈரக் கைக்குட்டையால் முந்தானை ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் வேறு சேலை காட்டச் சொல்லுங்கள்.