அடுத்த பெட்டிக்கும் வருமா?

கம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டவை திருகாணிகள். அத்தனையும் துரு. மருமகன் அடிக்கடி தூசி தட்டுகிறவன்தான். ஆனால் அக்கா வீடு திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடற்காற்று நேரே அவனுடைய மேசைக்கு வரும். "மாமா, இதுக்குப் புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டாக் காணுமா, இல்லாட்டி முழுசா மாத்தோணுமா?" என்று கேட்டான். கடையில் கார்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு வைகாசியில் சீட்டுக் காசு கைக்கு வரும். "எதைச் செய்தாலும் ஒரே தரத்தில செய்து முடி தம்பி, திரும்பத் திரும்ப என்னால ஏலாது" என்பது அவளுடைய நிபந்தனை.

இதே கேள்வியோடு உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்டியும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ். உள்ளே நான்காம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி டிடிஆர்3 ராம். கொழும்பில் வந்திறங்கி, துடைத்து, விற்பனைக்கு வரும். அதற்குள் ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைச் செருகினால் விளையாட்டுக் கம்பியூட்டர் தயார். அந்தக் கார்டின் அருமை என்னவென்றால் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். பவர் சப்ளையிலிருந்து தனியே கம்பி இழுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, புதுப் பெட்டி என்ற பேச்சே வீடுகளில் நின்றுபோனது. இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது என்றாலும், அன்று 60,000 ரூபாவாக இருந்த 300 டொலர் கார்ட் இன்று வரிக்கு முன்பே 90,000. அந்த வருடங்களை எங்கள் பிள்ளைகள் கடந்தது இந்தக் கழித்துவிட்ட பெட்டிகளோடுதான். சூம் வகுப்பு, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது, இரவில் வேலரண்ட் விளையாட்டு, எல்லாவற்றையும் அவை சுமந்தன. அவற்றைக் குப்பை என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் 2025 ஒக்டோபர் இந்தப் பெட்டிகளுக்குக் கெட்ட மாதம். 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். அதே மாதத்தோடு 1050 டிஐ, 1060 ஆகியவை அடங்கிய பாஸ்கல் குடும்பத்துக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியாவும் முடித்துக்கொண்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் நிறுவிவிடலாம் என்று மருமகன் சொன்னான். நிறுவலாம். ஆனால் விண்டோஸ் 11இல் வேலரண்டின் காவல் மென்பொருள் டிபிஎம் 2.0ஐயும் செக்கியூர் பூட்டையும் கேட்கும். இல்லையென்றால் விளையாட்டு திறக்காது. லினக்ஸுக்குப் போனாலும் வேலரண்ட் ஓடாது. 2024 டிசெம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதத்தில் வந்த புதிய டூமும் ஒளிக்கதிர்க் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் கார்ட் இல்லாமல் தொடங்கவே மாட்டா. படத்தின் தரத்தைக் குறைத்து ஓட்டும் பழைய வித்தை அங்கே பலிக்காது.

இவ்வளவையும் கேட்டவுடன் 'அப்ப மாத்திறதுதான்' என்று முடிவெடுக்க மனம் பாயும். காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெட்டி எங்கே முட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்குச் செலவில்லை. வேலரண்டைத் திறந்து, சுமையை அளந்து காட்டும் ஆஃப்டர்பேர்னரை ஓரத்தில் ஓடவிட்டு, ஒரு முழு ஆட்டம் விளையாடும்படி மருமகனிடம் சொன்னேன். கார்ட் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. செயலியின் நான்கு கோர்களும் உச்சத்தில் நின்றன. பிறகு திரைத் தெளிவை 1080இலிருந்து 720க்கு இறக்கச் சொன்னேன். பிரேம் எண்ணிக்கை கூடவில்லை. கார்டின் சுமையைக் குறைத்தும் வேகம் ஏறாவிட்டால் தடை கார்டில் இல்லை என்று அர்த்தம். அவன் சீட்டுக் காசு முழுவதையும் புதுக் கார்டில் போட்டிருந்தாலும் இரவு விளையாட்டில் ஒரு வித்தியாசமும் தெரிந்திராது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேருக்கு ஒன்பது பேர் கார்டைத்தான் கேட்டு வருகிறார்கள். பெட்டியைத் திறந்து அளந்து பார்க்க அங்கே நேரம் இல்லை.

மருமகனுக்குச் சொன்ன கட்டளை ஒன்றே ஒன்று. வாங்க நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது அடுத்த பெட்டிக்கும் வருமா?' என்று கேள். வரும் என்றால் இன்றே வாங்கலாம். வராது என்றால், மிக மலிவாகக் கிடைத்தாலன்றித் தொடாதே. எஸ்எஸ்டி வரும். யூபிஎஸ் வரும், மொனிட்டர் வரும். டிடிஆர்3 ராம் வராது. நான்காம் தலைமுறை மதர்போர்ட் பலகைக்குப் பொருந்தும் ஐ7 வராது. ஒப்டிபிளெக்ஸில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அந்த மாதிரிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பு வழக்கமான 24 முள் இல்லை, டெல்லுக்கே உரிய 8 முள். அதனால் அதன் பவர் சப்ளையையும் வேறு பெட்டிக்கு எடுக்க முடியாது. வேறு பவர் சப்ளையையும் இடை இணைப்பு இல்லாமல் அதற்குள் போட முடியாது.

கார்ட் அடுத்த பெட்டிக்கு வரும்தான். அங்கேயும் ஒரு கண் வேண்டும். இப்போதைய மலிவுக் கார்டுகள் பல, பலகையோடு தரவு பரிமாறும் 16 பாதைக்குப் பதில் 8 பாதையோடு வருகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதையோடு வந்தது. புதிய பலகையில் அது பெரிதாகத் தெரியாது. பழைய பலகையில் பாதையின் வேகமும் பாதியாக இருப்பதால் நன்றாகத் தெரியும். இன்டெலின் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும். நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

எல்லாப் பழைய பெட்டிக்கும் இதே தீர்ப்பு இல்லை. 2017, 2018இல் ஏஎம்டி ரைசன் வாங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த ஏஎம்4 பலகைகள் பலவற்றில் பயோஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அப்படியே வைக்கலாம். ராம், பெட்டி எல்லாம் பழையதே இருக்கட்டும். செயலி ஒன்றை மாற்றினால் இரண்டு மூன்று தலைமுறை தாண்டிவிடும், விண்டோஸ் 11உம் வரும். அவர்களுக்கு நான் மாற்று என்று சொல்லவே மாட்டேன். அதே 2017இல் இன்டெல் பக்கம் ஏழாம் தலைமுறை வாங்கியவர்களுக்கு நடந்தது அநியாயம். எட்டாம் தலைமுறை வந்தபோது சொக்கெட் பார்வைக்கு ஒன்றேதான். ஆனால் பழைய பலகைகளில் அதைப் போட இன்டெல் இடம் கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு தனியே உண்டு. நகரத்தின் ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். உப்புத் துகள் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். வாடை பெயர்ந்து மழை பிடித்தால் இங்கே அந்த அளவு தாண்டுவது நாள்தோறும் நடக்கும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். மின்விசிறி உள்ளே இழுக்கும் தூசியில் இது சேர்ந்தால் பசைபோலப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரஷால் தட்டினால் போகாது. 'ராம் போயிட்டுது' என்று இங்கே தூக்கி வைக்கப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு ராமின் பொன்முலாம் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்துப் போட்டால் உயிர் திரும்பிவிடுகிறது. மருமகனின் பெட்டி இடைக்கிடை தானாக அணைந்துவந்தது; அதற்கும் பாதிக் காரணம் இதுதான். மற்றப் பாதி, செயலியின் மேல் காய்ந்து பொருக்காகிப்போன தேர்மல் பேஸ்ட். இரண்டையும் ஒரு பின்னேரத்தில் முடித்தோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே 35 பாகைக்கு மேல் போகும் ஊரில் அந்தத் தேர்மல் பேஸ்ட்டை வருடா வருடம் மாற்ற வேண்டும் என்பேன்.

மழைக்காலத்தில் பெட்டியை மாதக் கணக்கில் மூடி வைப்பதுதான் பெரிய கேடு. ஓடும் பெட்டி சூடாக இருக்கும். சூடு ஈரத்தை விரட்டும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகளில் எண்ணெய் நிரப்பி, வர்ணம் பூசிப் பாவித்தவை இன்றும் வேலை செய்கின்றன. கைவிடப்பட்டவற்றைக் காடு மூடியது, துரு தின்றது.  அவற்றில் எதைத் திருத்தலாம், எதை இடித்துக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தகட்டைச் சோதித்துத்தான் சொல்ல முடியும், நம் பெட்டிகளைப் போலவே.

வாரண்டியிலும் உப்பு வந்து நிற்கிறது. பல கடைகளின் வாரண்டி அட்டையில் துரு, எரிந்த தடம், இடி மின்னல் மூன்றுக்கும் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். துறைமுகத்தை அண்டி வாழும் ஒருவருக்கு மூன்று வருட வாரண்டியின் பெறுமதி கொழும்பு பம்பலப்பிட்டியில் இருப்பவருக்குள்ள அளவு இராது. அங்கே யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பலகை பழுதானால் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே பெட்டியை யன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கம் தள்ளச் சொன்னேன். இடி முழங்கினால் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிட வேண்டும். பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

மின் கட்டணத்தை இளையவர்கள் யோசிப்பதில்லை, அக்கா யோசித்தாள். இப்போதைய பெட்டி விளையாடும்போது 150 வாட்டுக்குள் நிற்கும். நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதம் 18 அலகு. பெரிய கார்ட் போட்ட புதுப் பெட்டி 300 வாட் இழுத்தால் 36 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவதால், அந்த 18 அலகு வித்தியாசம் சில வீடுகளை மேல் படிக்குத் தள்ளும். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். விலையைப் பார்க்கும்போது வாட்டையும் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக ராம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. 2025 டிசெம்பரில் மைக்ரன் கம்பெனி, குரூஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் எழும்பும் கட்டடம் திருகோணமலைப் பிள்ளையின் சீட்டுக் காசைத் தின்கிறது. இந்த நேரத்தில் புத்தம் புதிய டிடிஆர்5 பெட்டி வாங்கு என்று அவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடிவு கடையில் சொன்னதற்கு நேர் எதிராக அமைந்தது. கார்ட் இருக்கட்டும், மற்றதெல்லாம் மாறட்டும். இப்போதைக்கு ஒரு எஸ்எஸ்டியும் யூபிஎஸும் மட்டும் வாங்கியிருக்கிறோம். வைகாசியில் ஏஎம்4 பலகை, ரைசன் 5 5600, 16 ஜிபி டிடிஆர்4, ஒரு நல்ல பவர் சப்ளை, வெறும் பெட்டி. இவற்றில் பலகையையும் ராமையும் பாவித்ததாக வாங்குவதில் எனக்குத் தடையில்லை, முன்னால் வைத்து ஓட்டிக் காட்டினால். அந்தச் செயலியில் கிராபிக்ஸ் உள்ளடங்கி வராது; அதனால் பழைய 1050 டிஐ அங்கே போய் வேலை செய்யும். வேலரண்டுக்கு அது காணும். புதுக் கார்டை அடுத்த வருடம் அவனே உழைத்து வாங்கிக்கொள்ளட்டும். கல்யாண வீடியோ வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே தரத்தில் முடியவில்லையே என்று அக்காவுக்குக் குறை. இரண்டு தரமாகச் செய்தால் இரண்டாவது தரம் அவளுடைய காசாக இராது என்று விளக்கினேன், ஒத்துக்கொண்டாள்.

ஒப்டிபிளெக்ஸில் இன்டெலின் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருப்பதால் கார்ட் இல்லாமலும் படம் வரும். அதில் லினக்ஸ் மின்ட் போட்டு அக்காவின் சின்ன மகளிடம் கொடுக்கிறோம். அவளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. துருப்பிடித்த திருகாணிகளை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.